பச்சை எரியாமல் ஏறிய பில்: குமுளி பிரவுசிங் கடை ஒன்றின் டயல்-அப் வழக்கு

2005 தொடக்கத்தில் கேரள எல்லை ஊரான குமுளியில் ஒரு பிரவுசிங் கடைக்கு வந்த இரண்டு மாத டெலிபோன் பில், அதற்கு முந்தைய பில்லைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே இரண்டு மாதத்தில் கடை இணையத்தில் இருந்த நேரம் கூடியது சுமார் கால் பங்குதான். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் இருந்த ஆயிரக்கணக்கான யூனிட் (டெலிபோன் அழைப்பை அளக்கும் அலகு) எங்கே போயின என்பதுதான் வழக்கு.

கடைக்காரர் தேனி மாவட்டம் கம்பத்துக்காரர். லோயர் கேம்ப் மலைப்பாதை ஏறித் தினமும் வந்துபோகிறவர். எனக்குப் போன் செய்தபோது அவர் சொன்ன முதல் வாக்கியம்: "தம்பி, பச்சை லைட்டே எரியலப்பா, அப்புறம் எப்படிப்பா பில்லு ஏறும்?" அவர் எதைப் பார்த்து நிம்மதியாக இருந்தார் என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. கண்டுபிடிக்கத்தான் நாள் ஆனது.

கடையில் இருந்தவை

செக்போஸ்ட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சிறிய அறை. நான்கு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ். வருகிறவர்கள் பலவகை. வண்டன்மேடு பக்கத்து ஏலக்காய் வியாபாரிகள், வெளிநாட்டு விருந்தாளியின் மின்னஞ்சலுக்குப் பதில் போட வரும் தேக்கடி ஹோம்ஸ்டே சேட்டன்கள், வேலைக்கு விண்ணப்பிக்க வரும் வண்டிப்பெரியாறு தோட்டத்துத் தமிழ்ப் பையன்கள். கல்லாவில் தமிழும் மலையாளமும் கலந்து ஓடும்.

இணைப்பு டயல்-அப், அதாவது இணைய நிறுவனத்தின் எண்ணுக்குப் போன் போட்டு நுழைவது. அதற்கு ஒரே தொலைபேசிக் கம்பி. அதில் வெளியே வைக்கும் வகை 56கே மோடம். மோடம் சொருகியிருந்தது ரெட் ஹாட் 9 லினக்ஸ் போட்ட ஒரு பழைய பென்டியத்தில். அந்த ஒரு இணைப்பை மற்ற மூன்று விண்டோஸ் கணினிகளுக்கும் பகிர்ந்து கொடுப்பதுதான் அதன் வேலை. கேரளத்தில் அப்போது லினக்ஸ் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. இந்தியாவுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. அந்த ஆர்வத்தில் ஒரு பொறியியல் மாணவர் செப்டம்பர் கடைசியில் வந்து இந்தப் பெட்டியை அமைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நல்ல கைவேலை, அதைச் சொல்லியாக வேண்டும். நினைவகம் குறைந்த பெட்டிக்கு கேடீஈ போன்ற கனமான டெஸ்க்டாப்பைப் போடாமல் விண்டோ மேக்கர் போட்டிருந்தார். ஆல்ஃபிரெடோ கோஜிமா 1997-இல் தொடங்கிய இந்தச் சாளர மேலாளர், பழைய நெக்ஸ்ட்ஸ்டெப் கணினிகளின் தோற்றத்தை ஒட்டியது. திரையின் வலது ஓரத்தில் சதுரக் கட்டங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கும். அதற்கு டாக் என்று பெயர். ஒவ்வொரு கட்டமும் 64-க்கு 64 பிக்சல்.

அப்படி ஒரு கட்டத்தில் உட்கார்ந்திருந்தது டபிள்யூஎம்-பிபிபி என்ற ஆப்லெட், அந்தக் கட்டத்துக்குள்ளேயே ஓடும் ஒரு குட்டி நிரல். மார்டைன் பீட்டர்சே, அன்டுவான் நூல் என்ற இருவர் எழுதியது. தீப்பெட்டி அகலத்துக்குள் அதில் எவ்வளவோ இருந்தது: இணைப்பு விளக்கு, எத்தனை மணி எத்தனை நிமிடம் ஆன்லைன் என்ற கடிகாரம், தரவு ஏறி இறங்குவதைக் காட்டும் குட்டி வரைபடம், இணைக்க ஒரு பொத்தான், துண்டிக்க ஒரு பொத்தான். பொத்தானை அமுக்கினால் எந்தக் கட்டளை ஓட வேண்டும் என்பதை அமைப்புக் கோப்பில் நாமே எழுதிக்கொள்ளலாம். மூன்றாவதாக இன்னொரு கட்டளைக்கும் அங்கே இடம் உண்டு. நாம் துண்டிக்காமல் இணைப்பு தானாக அறுந்தால் எதை ஓட்டுவது என்பது அது. இந்த மூன்றாவது வரி பின்னால் வரும்.

கடைக்காரருக்கு லினக்ஸ் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லாமல் இருந்தது. பச்சை எரிந்தால் நெட் இருக்கிறது, பில் ஓடுகிறது. எரியாவிட்டால் நெட் இல்லை, பில் இல்லை. இதுதான் அவருடைய முழுப் புரிதல்.

சந்தேகப்பட்டவை

முதல் சந்தேகம் சீசன். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவில் மகரவிளக்கு வரை குமுளி ஐயப்ப பக்தர்களால் நிரம்பி வழியும். தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வண்டி வண்டியாக இறங்குவார்கள். கடையில் கூட்டம் கூடத்தான் செய்தது. ஆனால் கடையில் ஒரு நோட்டு இருந்தது. பெயர், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம். அதைக் கூட்டிப் பார்த்தால் கால் பங்குதான் உயர்வு. சீசனால் பில் கால் பங்கு ஏறலாம், இரண்டு மடங்கு ஏறாது.

இரண்டாவது, டயலர் என்று அப்போது உலவிய கேடு. விண்டோஸில் தானே நுழைந்து, மோடத்தை வெளிநாட்டு எண்ணுக்கு டயல் செய்யவைக்கும் நிரல்கள் இருந்தன. இங்கே மோடம் இருந்தது லினக்ஸ் பெட்டியில். மேலும் எஸ்டிடி (வெளியூர்), ஐஎஸ்டி (வெளிநாடு) அழைப்புகள் இரண்டும் அந்த எண்ணில் பூட்டப்பட்டிருந்தன. பில்லிலும் எல்லாம் உள்ளூர் யூனிட்தான். எனவே இதைச் சீக்கிரமே தள்ளிவிட்டோம்.

மூன்றாவது, யாரோ கம்பியில் கொக்கி போட்டுப் பேசுகிறார்கள் என்பது. கடைக்காரர் இதைத்தான் உறுதியாக நம்பினார். பக்கத்துக் கட்டடத்தில் ஒரு எஸ்டிடி பூத் இருந்தது கூடக் காரணம். தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் மீட்டர் தவறு என்று புகாரும் எழுதிக் கொடுத்துவிட்டார். அவர்கள் தெருவிலிருந்த தொலைபேசிக் கம்பத்திலிருந்து கடை வரை கம்பியைச் சோதித்துவிட்டு, எந்த இணைப்பும் இல்லை, மீட்டரும் சரி என்றார்கள். "அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் கடைக்கார அண்ணன். அவர்கள் சொன்னது சரிதான் என்பது பிறகு தெரிந்தது.

உள்ளூர் அழைப்புகளுக்குத் தனித்தனி விவரம் அப்போதைய பில்லில் வராது என்பதை இங்கே சொல்ல வேண்டும். தொடக்க ரீடிங், முடிவு ரீடிங், வித்தியாசம், அவ்வளவுதான். எந்த எண்ணுக்கு, எப்போது, எத்தனை முறை என்ற சாட்சியம் எக்ஸ்சேஞ்ச் தரும் காகிதத்தில் கிடைக்காது. கடைக்குள்ளேதான் தேட வேண்டும்.

ஐப்பசி இடி

கதவைத் திறந்தது கணினி அல்ல, மழை. இடுக்கியில் துலாமாத இடி என்றால் வேடிக்கை இல்லை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மதியத்துக்கு மேல் கறுத்துக்கொண்டு வரும். மின்னல் நேரே விழ வேண்டியதில்லை, தொலைபேசிக் கம்பியில் ஏறி வந்தாலே மோடம் கருகிவிடும். மலையோரத்தில் மோடம் வைத்திருந்த எல்லோரும் ஒன்றிரண்டைப் பறிகொடுத்தவர்கள்தான். அதனால் அந்த மாதங்களில் கடையைச் சாத்தும்போது தொலைபேசி வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி வைத்துவிடுவது வழக்கம். டிசம்பர் வந்து இடி நின்றதும் அந்தப் பழக்கமும் நின்றது.

சாதாரணமாக வந்த பில் அக்டோபர், நவம்பருக்கானது. எகிறிய பில் டிசம்பர், ஜனவரிக்கானது.

இதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கேள்வியே மாறிவிட்டது. கூட்டம் எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, இரவில் வயர் சொருகியிருந்தால் என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டியிருந்தது. பெட்டியை அவர் இரவில் நிறுத்துவதில்லை. சரியாக நிறுத்தாமல் கரண்ட் போனால் அடுத்த நாள் வட்டுச் சோதனை அரை மணி நேரம் ஓடும் என்று மாணவர் பயமுறுத்தியிருந்தார். அதனால் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் போவார். யுபிஎஸ்ஸில் பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

பதிவேட்டில் கிடைத்தது

லினக்ஸில் எல்லாம் எழுதப்படும், பார்க்கத்தான் ஆள் இருக்காது. டயல் செய்யும் வேலையைச் செய்வது சாட் என்ற குட்டி நிரல். எண்ணைச் சுழற்றி, மோடம் கனெக்ட் என்று சொல்லும்வரை காத்திருப்பது அதன் பணி. அதன்பின் பொறுப்பை எடுத்துக்கொள்வது பிபிபிடி. எதிர்முனையோடு பேரம் பேசி, பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, ஐபி முகவரி வாங்கி, பிபிபி0 என்ற இடைமுகத்தை எழுப்புவது அது. இரண்டும் சிஸ்டம் பதிவேட்டில் ஒவ்வொரு படியையும் எழுதியிருந்தன.

ஒரு இரவைப் பிரித்துப் பார்த்தோம். ஒன்பது மணிக்குக் கடை சாத்தியபின் பக்கம் பக்கமாக ஒரே நான்கு வரி. டயல். கனெக்ட். கடவுச்சொல் மறுக்கப்பட்டது. இணைப்பு முடிந்தது. கொஞ்சம் இடைவெளி. மறுபடி டயல். காலை எட்டு மணிக்குக் கடை திறக்கும்வரை இதுவேதான்.

ஏன் மறுக்கப்பட்டது? அவர் வாங்குவது 25 மணி நேர ப்ரீபெய்ட் இணைய பேக். பெரிய பேக்கில் பணத்தைப் போட்டு முடக்க அவருக்கு இஷ்டமில்லை. ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம் ஓடும் கடையில் நான்கு நாளைக்கு ஒரு பேக் காலி. காலியாகும் விதம்தான் முக்கியம். இணைய நிறுவனத்தின் பக்கம் ரேடியஸ் என்ற நெறிமுறைப்படி கணக்கைச் சரிபார்க்கும் சர்வர் இருக்கும். நாம் நுழையும்போது, இந்தப் பயனருக்கு இன்னும் எத்தனை வினாடி மீதி என்பதையும் அது மோடம் வங்கியிடம் (நம் அழைப்பை எடுக்கும் மோடங்களின் தொகுப்பு) சொல்லிவிடலாம். செஷன்-டைம்அவுட் என்று அதற்கு ஒரு தனிப் புலமே உண்டு. அந்த வினாடி தீர்ந்ததும் எதிர்முனையே வெட்டிவிடும். அதன்பின் அதே பயனர்பெயரோடு வந்தால் சர்வர் சொல்வது ஒரே பதில்: மறுப்பு. கடவுச்சொல் தப்பா, மணி தீர்ந்ததா என்று பிபிபிடி பிரித்தறிவதில்லை. அதன் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.

இப்போது அந்த மூன்றாவது வரிக்கு வரலாம். மணி தீர்ந்து எதிர்முனை வெட்டுகிறது. கடைக்காரர் துண்டிக்கும் பொத்தானை அமுக்கவில்லை. ஆப்லெட்டின் பார்வையில் இது தானாக அறுந்த இணைப்பு. எனவே அதற்கென எழுதிவைத்த கட்டளையை ஓட்டுகிறது. மாணவர் அங்கே எழுதியிருந்தது ஒரு மறுடயல் ஸ்கிரிப்ட். பிபிபிடியை ஓட்டு, அது முடிந்தால் 20 வினாடி தூங்கு, மறுபடி ஓட்டு, வெற்றி கிடைக்கும்வரை விடாதே. மாலை நேரத்தில் இணைய நிறுவனத்தின் எண் பெரும்பாலும் பிஸியாக இருக்கும். கையால் திரும்பத் திரும்ப அமுக்கிச் சலித்த கடைக்காரர் கேட்டுக்கொண்டதால் எழுதப்பட்டது அது. பிஸி டோனுக்கு யூனிட் விழாது. ஆகவே எண்ணம் நியாயமானதுதான்.

அண்ணனைப் பொறுத்தவரை நடந்தது இது: மாலையில் நெட் போய்விட்டது, பேக் தீர்ந்திருக்கும், நாளைக்குக் கம்பத்தில் புதுசு வாங்கிவரலாம். பச்சை இல்லை. மானிட்டரை அணைத்தார், ஷட்டரை இறக்கினார்.

தோல்வியின் விலை

இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்தக் கணக்கு. ஏனென்றால் உள்ளுணர்வுக்கு நேர் எதிராகப் போகிறது.

அப்போது மூன்று நிமிடத்துக்கு ஒரு யூனிட். தொடர்ந்து ஒரு மணி நேரம் ஆன்லைனில் இருந்தால் 20 யூனிட். ஆனால் யூனிட் விழத் தொடங்குவது எதிர்முனை போனை எடுத்த அந்த நொடியில். எடுத்தவுடன் முதல் யூனிட் போய்விடும், பேசியது பத்து வினாடியானாலும். எதிர்முனையில் எடுப்பது மோடம். இரண்டு மோடமும் கீச்சிட்டு வேகத்தை ஒத்துக்கொள்ளும் நேரமும் பில்லுக்குள்தான். கடவுச்சொல்லைக் கேட்டு மறுக்கும் நேரமும் பில்லுக்குள்தான். பதிவேட்டின்படி டயலில் தொடங்கி மறுப்பில் முடிய ஏறத்தாழ 55 வினாடி. அதோடு 20 வினாடி தூக்கம். ஆக 75 வினாடிக்கு ஒரு முயற்சி, மணிக்கு 48 முயற்சி, 48 யூனிட்.

அதாவது இணையத்தில் இருப்பதைவிட, இணையத்துக்குள் நுழைய முடியாமல் தோற்றுக்கொண்டிருப்பது இரண்டு மடங்குக்கு மேல் செலவு. இரவு ஒன்பதிலிருந்து காலை எட்டுவரை 11 மணி நேரம் என்றால் 528 யூனிட். ஒரு 25 மணி நேர பேக்கை முழுக்கப் பயன்படுத்தினாலே 500 யூனிட்தான். ஒரு பேக் தீர்ந்த இரவு, அந்த பேக் உயிரோடு இருந்த நான்கு நாளையும் விழுங்கிவிட்டது.

சீசனும் தன் பங்குக்குச் சேர்ந்துகொண்டது. கூட்டம் கூடியதால் பேக் சீக்கிரம் தீர்ந்தது. சீக்கிரம் தீர்ந்ததால் அப்படிப்பட்ட இரவுகளும் கூடின. அந்தக் கால் பங்கு உயர்வு இந்த வழியாகவும் பில்லில் ஏறியது.

எல்லா இரவையும் கூட்டிப் பார்க்க ஆசைப்பட்டோம், முடியவில்லை. பதிவேட்டை வாரம் ஒருமுறை மாற்றி, நான்கு வாரத்தை மட்டும் வைத்துக்கொள்வதுதான் வழக்கமான அமைப்பு. டிசம்பர் முழுவதும் அழிந்துபோயிருந்தது. கையில் இருந்த வாரங்களில் கனெக்ட் என்ற வரிகளை எண்ணி, அதில் எவ்வளவு மறுப்பில் முடிந்தது என்று பிரித்தோம். பில்லில் விளங்காமல் நின்ற யூனிட்டை அந்த விகிதம் ஏறக்குறைய முழுவதும் விளக்கியது. சந்தேகம் தீர ஒரு சோதனையும் செய்தோம். எக்ஸ்சேஞ்சில் ஒரு சேட்டனிடம் கேட்டு மீட்டர் ரீடிங்கை வாங்கிக்கொண்டு, தீர்ந்துபோன பழைய கணக்கோடு ஸ்கிரிப்டை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மறுபடி ரீடிங் வாங்கினோம். மீட்டர் ஏறியதும் பதிவேட்டில் கனெக்ட் எண்ணிக்கையும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தின. அதற்குப் பிறகு அண்ணன் பூத்துக்காரரைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

ஆப்லெட் பொய் சொன்னதா?

இல்லை. அது லினக்ஸின் மையமான கெர்னலிடம் கேட்பது பிபிபி0 எழுந்து நிற்கிறதா என்று. எழுந்தால் பச்சை, எழுந்த நேரத்திலிருந்து கடிகாரம். இரவு முழுவதும் பிபிபி0 ஒருமுறைகூட ஐபி முகவரியோடு எழவில்லை. எனவே பச்சையும் இல்லை, கடிகாரமும் ஓடவில்லை. அது காட்டியது அத்தனையும் உண்மை. எக்ஸ்சேஞ்ச் பார்ப்பது வேறொன்றை: ரிசீவர் எடுக்கப்பட்டதா. நெட்வொர்க்கின் நிலையைக் காட்டும் கருவியைக் கடை கம்பியின் நிலைக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டது. பெரும்பாலான நாட்களில் இரண்டும் ஒன்றாகவே நடப்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

கம்பியின் நிலையைச் சொல்லும் சாட்சிகள் கடையில் இரண்டு இருந்தன. இரண்டையும் வாயடைத்து வைத்திருந்தார்கள். வெளி மோடத்தில் ஓஎச் என்று ஒரு விளக்கு உண்டு, கம்பியைப் பிடித்திருக்கும்போது எரிவது. மோடம் இருந்தது மேசைக்குப் பின்னால், வயர்க் குவியலுக்கு நடுவே. இன்னொன்று அதன் ஒலிபெருக்கி. டயல் செய்யும்போது போடும் அந்தக் கீச்சுச் சத்தம் வாடிக்கையாளர்களுக்கு எரிச்சலாக இருக்கிறது என்று தொடக்கக் கட்டளையில் எம்0 சேர்த்து ஊமையாக்கியிருந்தார்கள். சத்தம் இருந்திருந்தால் ஷட்டர் இறக்கும்போதே காதில் விழுந்திருக்கும்.

துண்டிக்கும் பொத்தானைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் சில நாட்களில் அண்ணன் அதை அமுக்கியும் இருக்கிறார். அந்தப் பொத்தான் ஓட்டிய கட்டளை பிபிபிடியின் செயல் எண்ணைக் கோப்பிலிருந்து படித்து அதை நிறுத்துவது. இடைமுகமே உருவாகாமல் டயல் மட்டும் நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் அந்தக் கோப்பே இருக்காது, கட்டளை சத்தமில்லாமல் தோற்கும். கோப்பு இருக்கும் நேரத்தில் அமுக்கினாலும் சாவது பிபிபிடி மட்டும். அதைப் பெற்றெடுக்கும் ஸ்கிரிப்ட் 20 வினாடியில் இன்னொன்றைப் பெற்றுவிடும். வேரை விட்டுக் கிளையை வெட்டிய கதை.

பிபிபிடிக்கென்று ஐடில் என்ற ஒரு விருப்பமும் உண்டு. குறிப்பிட்ட நேரம் தரவே போகாவிட்டால் தானே துண்டிக்கும். இதுவும் போட்டிருந்தார்கள். ஆனால் இது எழுந்த இணைப்புக்குத்தான் பொருந்தும். இந்த வழக்கில் எந்த உதவியும் இல்லை. (பகல் நேரத்திலும் பெரிய உதவி இல்லை. விண்டோஸ் கணினிகள் மூன்றும் பெயர் தேடி ஏதாவது அனுப்பிக்கொண்டே இருந்ததால் ஐடில் என்ற நிலையே வரவில்லை.)

ஸ்கிரிப்ட் கேட்காமல் விட்ட கேள்வி

பிபிபிடி முடியும்போது ஏன் முடிந்தது என்பதை ஒரு எண்ணாகச் சொல்லிவிட்டுத்தான் போகும். டயல் செய்யும் நிரல் தோற்றால் 8. நாமே நிறுத்தினால் 5. ஐடில் என்றால் 12. எதிர்முனை, இருக்கிறாயா என்று சோதிக்கும் எதிரொலிக் கேள்விக்குப் பதில் தராவிட்டால் 15. மோடம் கம்பியை விட்டுவிட்டால் 16. நம் அடையாளத்தை எதிர்முனை மறுத்தால் 19. கையேட்டில் வரிசையாக எழுதியிருக்கிறது. மாணவரின் ஸ்கிரிப்ட் இந்த எண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோல்வி என்றால் தோல்வி, மறுபடி போ.

முதல் திருத்தம் அதுதான். 19 வந்தால் உடனே நில், கணினியின் பீப்பை அடி, மறுபடி டயல் செய்யாதே. கடவுச்சொல் தானாகத் திருந்தப்போவதில்லை, தீர்ந்த மணியும் தானாக ஊறப்போவதில்லை.

8 வந்தால் என்ன செய்வது என்பதில்தான் கொஞ்சம் மண்டையைக் குடைய வேண்டியிருந்தது. பிஸி என்றாலும் 8தான், யூனிட் இல்லை. வயர் பிடுங்கியிருந்து டயல் டோன் இல்லாவிட்டாலும் 8தான், யூனிட் இல்லை. ஐப்பசி இரவுகளில் ஸ்கிரிப்ட் இப்படித்தான் செலவில்லாமல் விடிய விடியச் சுற்றியிருக்கிறது. ஆனால் எதிர்முனை எடுத்து, கம்பியின் இரைச்சலால் இரு மோடமும் ஒத்துப்போகாமல் நோ கேரியர் என்று விட்டாலும் அதே 8தான். அதற்கு யூனிட் உண்டு. சாட்டின் பொறுமை அளவு வழக்கமாக 45 வினாடி. இழுபறியான கம்பியில் கனெக்ட் வருவதற்குள் அது தீர்ந்தாலும் 8தான், எதிர்முனை எடுத்திருந்தால் அதற்கும் யூனிட். மழைக்காலத்து மலைக்கம்பியில் இந்த இரண்டும் அபூர்வம் அல்ல.

சாட் தன்னளவில் இவற்றைப் பிரித்தே சொல்கிறது. நேரம் தீர்ந்தால் 3. கைவிட வேண்டிய சொற்கள் என்று நாம் கொடுத்த பட்டியலில் முதலாவது வந்தால் 4, இரண்டாவது வந்தால் 5, இப்படியே மேலே. ஆனால் நடுவில் நிற்கும் பிபிபிடி அத்தனையையும் 8 என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. எனவே சாட்டை நேரே அழைக்காமல், அதன் எண்ணை ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டு அதே எண்ணோடு வெளியேறும் இரண்டு வரி உறை ஒன்றைப் போட்டோம். மறுடயல் ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பைப் படித்து முடிவெடுக்கும். பிஸி என்றால் 20 வினாடியில் மறுபடி. டயல் டோன் இல்லையென்றால் நில். நோ கேரியரோ நேரம் தீர்ந்ததோ என்றால் தொடர்ந்து மூன்று வரை, அப்புறம் நில்.

பிபிபிடியிலேயே பெர்சிஸ்ட் (அறுந்தால் மறுபடி இணை) என்றும் மேக்ஸ்ஃபெயில் (இத்தனை தோல்விக்குப் பின் நிறுத்து) என்றும் விருப்பங்கள் இருக்கும்போது ஏன் தனி ஸ்கிரிப்ட் என்று கேட்கலாம். மேக்ஸ்ஃபெயில் தோல்விகளை எண்ணுகிறது, வகை பார்ப்பதில்லை. இலவசத் தோல்வியும் காசுத் தோல்வியும் அதற்கு ஒன்றே. அந்த ஊரில், அந்த எண்ணில், மாலையில் பத்து பிஸி சாதாரணம்.

மற்றவை சிறியவை. ஆப்லெட்டின் மூன்றாவது வரி இரவு எட்டரைக்கு மேல் எதையும் ஓட்டாமல் இருக்க ஒரு நேரச் சோதனை. துண்டிக்கும் பொத்தான் முதலில் மறுடயல் ஸ்கிரிப்டைக் கொல்லும், பிறகு பிபிபிடியை. எம்0 போய் எம்1 வந்தது. அதில் கனெக்ட் ஆகும்வரை மட்டும் சத்தம் கேட்கும், ஒலியளவைக் குறைத்தே வைத்தோம். மோடம் கல்லா மேசைக்கு மேலே ஏறியது. பதிவேடு நான்கு வாரத்துக்குப் பதில் பன்னிரண்டு வாரம் நிற்கும், ஒரு பில் சுழற்சியைத் தாண்டி.

கடிகாரத்தையும் சரிசெய்ய அண்ணன் ஆசைப்பட்டார், பில்லோடு ஒத்துப்போகும்படி. இணைப்பு இறங்கும்போது பிபிபிடி ஓட்டும் ஐபி-டவுன் ஸ்கிரிப்டுக்கு எத்தனை வினாடி இணைந்திருந்தோம் என்ற எண் கிடைக்கும். அதை வைத்துத் தினக் கணக்கு எழுதுவது எளிது. ஆனால் அது எழுந்த இணைப்புகளின் நேரம் மட்டுமே. தோல்விகளை உறையின் கோப்பிலிருந்து எடுத்துச் சேர்த்து, தினமும் கடை திறக்கும்போது நேற்றைய மதிப்பீட்டு யூனிட் என்று ஒரு வரி பிரிண்ட் ஆகும்படி செய்தோம். அடுத்த பில்லோடு ஒப்பிட்டபோது கொஞ்சம் குறைவாகவே காட்டியது. எடுத்த நொடிக்கும் கனெக்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கணக்கில் சேர்க்காததால் வரும் வித்தியாசம் அது. ஒரு அழைப்புக்கு அரை நிமிடம் கூட்டியதும் நெருங்கி வந்தது.

மீட்டர் புகாரை அண்ணன் திரும்பப் பெற்றுக்கொண்டு பில்லைக் கட்டினார். மாணவரை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "பையன் பிஸிக்குத்தானய்யா எழுதுனான், நானுந்தான கேட்டேன்" என்றார்.

அதே ஸ்கிரிப்ட் அதே ஃப்ளாப்பியில் கம்பத்தில் வேறு இரண்டு கடைகளுக்கும் போயிருந்தது தெரிந்ததால் அங்கேயும் போய்ப் பார்த்தோம். ஒன்றில் தூக்கம் 20 வினாடிக்குப் பதில் ஐந்து நிமிடம் என்று யாரோ மாற்றியிருந்தார்கள், மணிக்குப் பத்து யூனிட்தான். அந்தக் கடைக்காரர் எதையும் கவனிக்கவே இல்லை. மற்றதில் பேக் இல்லை, மாதக் கணக்கு. கடவுச்சொல் மறுக்கப்படும் நிலையே வந்ததில்லை. இரண்டு இடத்திலும் 19-க்கான அந்த வரியைச் சேர்த்துவிட்டு வந்தோம்.